மோர்மேர்களும் ஏர்ல்களும்: கேலிக் ஸ்காட்லாந்தின் சீமைத் தலைவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஸ்காட்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர்கள் இரண்டு பேர்: மெக்பெத், ராபர்ட் புரூஸ். இருவருமே அரியணை ஏறும் முன் ஒரு சீமையின் தலைவர்களாக இருந்தவர்கள். மெக்பெத் மரே சீமையின் மோர்மேர். புரூஸ் காரிக் சீமையின் ஏர்ல் (மோர்மேருக்கு இங்கிலாந்துக்காரர் சொன்ன பெயர்). அவர்களைத் தூக்கிவிட்ட அந்தச் சீமைகளைப் பற்றித் தமிழில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை. வரலாற்று ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

மோர்மேர் என்பவர் யார்?

ஏறத்தாழ கி.பி. 900 முதல் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் இருந்த கேலிக் மொழி பேசும் அரசுக்கு ஆல்பா என்று பெயர். அந்த அரசு பல சீமைகள் சேர்ந்தது. ஒவ்வொரு சீமைக்கும் ஒரு தலைவர் உண்டு, அவர்தான் மோர்மேர். போர் வந்தால் சீமையின் ஆட்களைத் திரட்டி முன்னால் நடத்திப் போவார். சீமைக்குள் வழக்கு விசாரணை அவர் மேற்பார்வையில் நடக்கும். மக்கள் கொடுக்க வேண்டிய தானியமும் மாடும் அவர் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

அரசர் நியமித்து அனுப்பிய கலெக்டர் மாதிரி இவரை நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அந்தச் சீமையிலேயே வேர்விட்ட குடும்பத்தவர். அரசர் மாறினாலும் மோர்மேர் குடும்பம் அங்கேயே இருக்கும். ஆல்பாவின் அரசருக்கு நிரந்தரமான படையோ எழுத்தர்கள் நிறைந்த அலுவலகமோ கிடையாது. மோர்மேர்கள் ஒத்துழைத்தால் மட்டுமே அவர் சொல் நாடு முழுக்கச் செல்லும்.

இவர்களைப் பற்றிய முதல் செய்தி எப்போது கிடைக்கிறது?

918-ம் ஆண்டில். டைன் ஆற்றங்கரையில் வைக்கிங் தலைவன் ராக்னலுக்கும் ஆல்பா படைக்கும் நடந்த போரைப் பற்றி எழுதும் அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள், ஆல்பா தரப்பில் அரசரோ மோர்மேர்களில் எவருமோ சாகவில்லை என்று சொல்கின்றன. அரசருக்கு அடுத்தபடியாக எண்ணிப் பார்க்கத் தக்கவர்கள் இவர்கள்தான் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

938 வாக்கில் ஆங்கஸ் சீமையின் மோர்மேர் டுபகன் இறந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. 1014-ல் டப்ளினுக்கு அருகே கிளான்டார்ஃபில் அயர்லாந்து மன்னர் பிரையன் போரு நடத்திய புகழ்பெற்ற போரில் அவர் பக்கம் நின்று உயிர்விட்டவர்களில் மார் சீமையின் மோர்மேர் டோம்னலும் ஒருவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து கடல் தாண்டிப் போய் அயர்லாந்து மன்னருக்காகப் போரிட்டிருக்கிறார். கேலிக் உலகம் அந்தக் கடலின் இரு கரையிலும் பரவியிருந்தது என்பதை இவருடைய சாவைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

எத்தனை சீமைகள் இருந்தன?

காலத்துக்குக் காலம் எண்ணிக்கை மாறியது. ஃபைஃப், ஸ்ட்ரத்தேர்ன், அத்தால், ஆங்கஸ், மார், பக்கன், மரே, ராஸ், லென்னாக்ஸ், மென்டீத் ஆகியவை முக்கியமானவை. தென்மேற்கில் காரிக் பின்னால் உருவானது. வடகோடியில் இருந்த கேத்னஸ் நார்வே மரபில் வந்த ஏர்ல்களிடம் இருந்தது. தென்கிழக்கில் டன்பார் ஏர்ல்கள் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா மரபினர். கேலிக் சீமைகளின் உண்மையான நெஞ்சுப்பகுதி ஃபோர்த் ஆற்றுக்கு வடக்கே இருந்த கிழக்கு நிலம்தான்.

அன்றாட வாழ்க்கையில் மோர்மேருடைய அதிகாரம் எப்படி இருந்தது? அதற்கு என்ன சான்று?

சான்று என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது டீர் நூலைத்தான். பக்கன் சீமையில் டீர் என்ற ஊரில் பழைய மடாலயம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த சிறிய லத்தீன் நற்செய்தி நூல் 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 12-ம் நூற்றாண்டில் அந்த நூலின் ஓரங்களிலும் வெற்றுப் பக்கங்களிலும் துறவிகள் தங்களுக்கு வந்த நிலக்கொடைகளை எழுதி வைத்தார்கள். லத்தீனில் அல்லாமல் கேலிக்கிலேயே எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் எழுதப்பட்டு இன்றும் மிஞ்சியிருக்கும் கேலிக் எழுத்துகளில் மிகப் பழையவை இவை. நூல் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அந்தக் குறிப்புகளைப் படித்தால் ஒரு துண்டு நிலத்தின் மேல் எத்தனை பேருடைய கை இருந்தது என்பது புரியும். ஒரே நிலத்தில் அரசருக்கு ஒரு பங்கு, மோர்மேருக்கு ஒரு பங்கு, தோஷெக் என்ற குலத்தலைவருக்கு ஒரு பங்கு. நிலத்தை மடாலயத்துக்குக் கொடுத்தவர், அதை ‘மோர்மேரிடமிருந்தும் தோஷெக்கிடமிருந்தும் விடுவித்து’க் கொடுத்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதாவது, மண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த மண்ணிலிருந்து ஒவ்வொருவருக்கும் வர வேண்டியதையும் அவரவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒரு குறிப்பில் பக்கனின் மோர்மேர் கோல்பன், அவருடைய மனைவி ஏவா, மோர்கன் குலத்தின் தோஷெக் டோன்னகக் ஆகிய மூவரும் சேர்ந்து மடாலயத்தின் கொடைகள் அனைத்தையும் வரிச்சுமையிலிருந்து விடுவிக்கிறார்கள். ஏவா யார் என்றால், முன்பு மோர்மேராக இருந்த கார்ட்னைட்டின் மகள். கோல்பனுக்குப் பதவி வந்த வழி மனைவி வழியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுதான் காரணம். எழுதியவர்கள் துறவிகள், தங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அவர்கள் நோக்கம். ஆனாலும் ஒரு கேலிக் சீமை உள்ளிருந்து எப்படி இயங்கியது என்பதை அந்தச் சீமையின் மொழியிலேயே சொல்லும் ஏடு இதைப்போல் வேறொன்று மிஞ்சவில்லை. இத்தனை அருமையான ஆவணத்தைப் பொதுவான வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

தோஷெக், தேன், டாவக் என்றெல்லாம் வருகிறதே, அவை என்ன?

தோஷெக் ஒரு குலத்தின் தலைவர். மோர்மேருக்கு அடுத்த படி. தேன் என்பவர் பெரும்பாலும் அரசருக்கோ ஏர்லுக்கோ சொந்தமான பண்ணைநிலத் தொகுதி ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தி, வருவாயைச் சேர்த்துக் கொடுப்பவர். டாவக் என்பது நிலத்தை மதிப்பிட உதவிய அலகு. அதன் பரப்பு ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் விளைச்சலையும் மேய்ச்சலையும் வைத்தே அதைக் கணக்கிட்டார்கள். இத்தனை டாவக்குக்கு இவ்வளவு வரி, இத்தனை ஆள் என்று அதை வைத்துத்தான் கணக்கு.

வரி நாணயமாக வந்தது குறைவு. கான் என்பது மாடு, பன்றி, தானியம், பாலாடைக்கட்டி என்று பொருளாகக் கொடுப்பது. கான்வெத் என்பது தலைவரும் அவர் பரிவாரமும் வரும்போது சோறு போட்டுத் தங்கவைக்கும் கடமை. காலப்போக்கில் இதுவும் ஒரு நிலையான வரியாகிவிட்டது. இவற்றோடு படைக்கு ஆள் அனுப்பும் கடமையும் உண்டு. சீமையின் சாதாரண உழவர்கள் சேர்ந்த அந்தப் படைக்கு மோர்மேரோ ஏர்லோதான் தலைமை தாங்குவார்.

மெக்பெத் உண்மையில் யார்?

மரே சீமையின் மோர்மேர் குடும்பத்து வாரிசு. தந்தை ஃபின்லேக்கும் மோர்மேர்தான். 1020-ல் ஃபின்லேக்கை அவருடைய சொந்த அண்ணன் தம்பி மக்களே கொன்றார்கள். பதவி அவர்கள் கைக்குப் போனது. அவர்களில் ஒருவரான கில்லே கோம்கன், 1032-ல் தன் ஆட்கள் 50 பேரோடு தீயில் எரிந்து மாண்டார். தீயை வைத்தது யார் என்று ஆண்டுக்குறிப்பு சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு மரே மெக்பெத்தின் கையில் இருக்கிறது. கில்லே கோம்கனின் விதவை குரூக்கை மணந்துகொண்டவரும் மெக்பெத்தே. குரூக் அரச குடும்பத்துப் பெண். அவருடைய மகன் லூலக் மெக்பெத்துக்கு வளர்ப்பு மகனானார்.

1040-ல் அரசர் டங்கன் மரேக்குள் படையோடு வந்தார். அங்கே நடந்த மோதலில் கொல்லப்பட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வருவதுபோல டங்கன் தள்ளாத கிழவரும் இல்லை, விருந்தாளியாக வந்து படுக்கையில் குத்துப்பட்டுச் சாகவும் இல்லை. அதன்பின் மெக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050-ல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை விதை தூவுவதுபோல் வாரி இறைத்தார் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். நாட்டில் தன் இடம் உறுதியாக இருக்கிறது என்று நம்பும் அரசர்தான் அத்தனை தூரம் போவார். 1057-ல் லம்ஃபனனில் டங்கனின் மகன் மால்கமின் தரப்பு அவரைக் கொன்றது. அடுத்து அரசரான லூலக்கும் சில மாதங்களில் கொல்லப்பட்டார்.

மெக்பெத்தைப் பேராசைக்காரன் என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது பெரிய அநியாயம். மரே அப்போது ஏறக்குறைய தனி அரசு போலவே இயங்கியது. அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் ஃபின்லேக்கை ‘ஆல்பாவின் அரசர்’ என்றே குறிக்கின்றன. லூலக்கின் மகன் மேல் ஸ்னெக்டய் 1085-ல் இறந்தபோது அவருக்கு ‘மரேயின் அரசர்’ என்ற பட்டம். அந்த வழியில் வந்த ஆங்கஸ் என்பவர் 1130-ல் டேவிட் மன்னருக்கு எதிராக எழுந்து ஸ்ட்ரக்காத்ரோவில் மாண்டார். அதோடு டேவிட் அந்தச் சீமையைத் தலைவரே இல்லாமல் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார். மரேக்கு மறுபடி ஒரு ஏர்ல் வர 1312 வரை ஆனது. அப்போது புரூஸ் தன் உறவினர் தாமஸ் ராண்டால்ஃபுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்.

ஒரு ஏர்லின் உயிருக்கு விலை இருந்ததாமே?

ஆமாம், எல்லார் உயிருக்கும் இருந்தது. கொலை நடந்தால் கொன்றவரின் குடும்பம் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈடு தர வேண்டும். அதன் பெயர் க்ரோ. சட்டத்தொகுப்பு ஒன்றில் பட்டியல் இருக்கிறது: அரசருக்கு 1,000 பசு, ஏர்லுக்கும் அரசரின் மகனுக்கும் 150, ஏர்லின் மகனுக்கும் தேனுக்கும் 100, உழவருக்கு 16. மணமான பெண்ணின் ஈடு கணவருடையதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 1305-ல் ஸ்காட்லாந்தைக் கைக்குள் வைத்திருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இந்தச் சட்டத்தை ஒழிக்க உத்தரவிட்டார். அதுவரை யாராவது அதை நினைவில் வைத்திருந்ததால்தானே ஒழிக்க வேண்டி வந்தது!

மோர்மேர் எப்போது ஏர்ல் ஆனார்?

ஒருநாள் மோர்மேர்களை நீக்கிவிட்டு மறுநாள் ஏர்ல்களை வைத்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் முடிவில் மால்கம் தன் தேன்களை ‘இனி நீங்கள் ஏர்ல்கள்’ என்று அறிவிப்பதும் அந்த எண்ணத்தை வளர்த்திருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. லத்தீன் பட்டயங்களை எழுதிய குமாஸ்தாக்கள் மோர்மேரைக் ‘கோமெஸ்’ என்று எழுதினார்கள். இங்கிலாந்துக்காரர் பேச்சில் அவர் ஏர்ல். ஊரில் கேலிக் பேசியவர்களுக்கு அதே ஆள் மோர்மேர். 12-ம் நூற்றாண்டில் ஒரே மனிதரை மூன்று விதமாகவும் அழைத்திருக்கலாம்.

மாறியது பதவியின் அடிப்படை. இங்கிலாந்தில் வளர்ந்த டேவிட் 1124-ல் அரசரானதும், நிலத்தை அரசரிடமிருந்து பட்டயம் வழியாகப் பெற்று அதற்கு ஈடாகச் சேவை செய்யும் முறை உள்ளே வரத் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் முறை அது. 1136 வாக்கில் அவர் ஃபைஃப் ஏர்ல் டங்கனுக்கு ஃபைஃப் சீமையையே பட்டயமாக எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே கையில் இருந்த சீமையை அரசரிடமிருந்து ‘பெற்றுக்கொள்வதில்’ டங்கனுக்கு என்ன லாபம்? இருந்தது. பழைய கேலிக் வழக்கப்படி தலைமை, குடும்பத்தில் தகுதியான ஆண்களில் ஒருவருக்குப் போகும். அண்ணன் தம்பிகள், பெரியப்பா சித்தப்பா மக்கள் எல்லாரும் போட்டியாளர்கள். மரேயில் ஓடிய ரத்தமெல்லாம் அந்தப் போட்டியால் ஓடியதுதான். பட்டயம் இருந்தால் மூத்த மகனுக்கே போகும், அரசரே அதற்குச் சாட்சி. ஃபைஃப் குடும்பம் அதை விரும்பித்தான் ஏற்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மற்ற சீமைகள் எதிர்க்கவில்லையா?

எதிர்ப்பும் இருந்தது. 1138-ல் இங்கிலாந்தில் நடந்த ஸ்டாண்டர்ட் போருக்கு முன் டேவிட் கவசம் பூண்ட நார்மன் வீரர்களை முன்வரிசையில் நிறுத்த நினைத்தார். ஸ்ட்ரத்தேர்ன் ஏர்ல் மலீஸுக்குக் கோபம் வந்துவிட்டது. கவசமே இல்லாத தன்னை, கவசம் அணிந்த எவரும் அன்று முந்திப் போக முடியாது என்று அரசர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அரசவையை நன்கு அறிந்த ரீவோ மடாலயத் தலைவர் ஆல்ரெட் இதை எழுதி வைத்திருக்கிறார். முன்வரிசை கடைசியில் தென்மேற்கிலிருந்து வந்த கேலோவே ஆட்களுக்குப் போனது. போரில் தோல்விதான்.

அடுத்து 1160. இளம் அரசர் நான்காம் மால்கம் இங்கிலாந்து மன்னரின் பின்னால் பிரான்ஸின் துலூஸ் வரை படையெடுத்துப் போயிருந்தார். திரும்பி வந்து பெர்த் நகரில் இருந்தபோது, ஸ்ட்ரத்தேர்ன் ஏர்ல் ஃபெர்த்தெத்தும் வேறு ஐந்து ஏர்ல்களும் சேர்ந்து நகரை முற்றுகையிட்டார்கள். முற்றுகை பலிக்கவில்லை; சமரசம் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது, அதன் பிறகும் ஃபெர்த்தெத் ஏர்லாகவே தொடர்ந்தார். தங்கள் அரசர் இன்னொரு அரசரின் ஆளாக ஆகிவிடக் கூடாது என்பதே அவர்கள் கோபம் என்று கொண்டால், முற்றுகையும் மன்னிப்பும் இரண்டுமே பொருந்துகின்றன.

அரசரை அரியணையில் அமர்த்தும் உரிமை யாருக்கு?

ஃபைஃப் ஏர்லுக்கு. ஸ்கூன் என்ற இடத்தில் புனிதக் கல்லின் மேல் புதிய அரசரை அமர்த்துவது அவருடைய பரம்பரை உரிமை. 1249-ல் ஏழு வயதுச் சிறுவன் மூன்றாம் அலெக்ஸாண்டர் அரசரானபோது ஃபைஃப், ஸ்ட்ரத்தேர்ன் ஏர்ல்கள் உள்ளிட்ட பிரபுக்கள் அவரைத் தேவாலய வளாகத்தில் சிலுவை அருகே இருந்த கல் இருக்கையில் அமர்த்தினார்கள். அப்போது ஒரு கேலிக் முதியவர் முன்வந்து மண்டியிட்டு, சிறுவனின் முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேலிக்கில் சொல்லி, ஆதிகாலம் வரை கொண்டுபோனார். அரசவையில் பிரெஞ்சு பேசும் காலம் அது. அரசர் அரசராவதற்கு மட்டும் கேலிக் தேவைப்பட்டது.

1306-ல் இந்த உரிமை ஒரு பெண்ணின் வாழ்க்கையையே சிதைத்தது. டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் தன் போட்டியாளர் ஜான் கோமினைக் கொன்றுவிட்டு ராபர்ட் புரூஸ் அவசர அவசரமாக ஸ்கூனுக்கு வந்தார். கல்லை 1296-லேயே எட்வர்ட் இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய்விட்டார். ஃபைஃப் ஏர்ல் சிறுவர். அவரும் எட்வர்டின் காவலில். அவர் இடத்தில் நின்று புரூஸை அமர்த்த அந்தக் குடும்பத்துப் பெண் இசபெல்லா வந்தார். இதில் வியப்பு, அவர் பக்கன் ஏர்லின் மனைவி. அந்தக் கணவரோ கொலையான கோமினின் நெருங்கிய உறவினர். கணவர் குடும்பத்தின் பகையைவிடப் பிறந்த வீட்டின் கடமையை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் எட்வர்டின் ஆட்களிடம் பிடிபட்டார். பெரிக் கோட்டையில் மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த கூண்டில் அவரை அடைத்துவைக்க எட்வர்ட் உத்தரவிட்டார். 1310-ல்தான் அங்கிருந்து ஒரு மடத்துக்கு மாற்றினார்கள். ஓர் ஏர்ல் குடும்பத்தின் சடங்கு உரிமை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் இசபெல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். எட்வர்ட் அதை அலங்காரமாக எண்ணவில்லை.

பெண்கள் சீமைக்கு வாரிசாக முடிந்ததா?

பழைய கேலிக் வழக்கத்தில் தலைமை ஆணுக்கே. பட்டய முறை வந்த பிறகு, மகன் இல்லாவிட்டால் மகள் வழியாகச் சீமை போனது. நார்மன் குடும்பங்கள் கேலிக் சீமைகளுக்குள் நுழைந்த முக்கிய வாசல் இந்தத் திருமணங்கள்தான். 1212 வாக்கில் வில்லியம் கோமின், பக்கன் ஏர்ல் ஃபெர்கஸின் மகள் மார்ஜரியை மணந்து ஏர்ல் ஆனார். ஆங்கஸ் அதேபோல மெட்டில்டா வழியாக உம்ஃப்ராவில் குடும்பத்துக்குப் போனது.

காரிக்கில் நடந்தது இன்னும் சுவையானது. ஏர்ல் நீலுக்கு ஆண் வாரிசு இல்லை. ஏர்ல் பட்டமும் நிலமும் மகள் மார்ஜரிக்குப் போகும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் குலத்தின் தலைமையையும், போரில் காரிக் ஆட்களை நடத்தும் உரிமையையும் நீல் தனியாகப் பிரித்து உறவினர் ரோலண்டுக்கு எழுதிக் கொடுத்தார். நிலம் புதிய சட்டப்படி மகளுக்கு, குலம் பழைய வழக்கப்படி ஆணுக்கு. இரண்டு உலகத்தையும் ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு நிதானமாகச் சமாளித்த வேறு ஏற்பாடு ஒன்றை நான் படித்ததில்லை. அந்த மார்ஜரி சுமார் 1271-ல், அரசரின் அனுமதி இல்லாமலே, ராபர்ட் புரூஸ் என்ற இளம் நார்மன் பிரபுவை மணந்தார். அவர்களுடைய மகன்தான் 1274-ல் பிறந்த, பின்னால் அரசரான ராபர்ட் புரூஸ்.

மார் சீமையின் இசபெல்லா கதையையும் சொல்ல வேண்டும். கணவர் இறந்த பிறகு, 1404-ல் அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட் என்பவர் அவருடைய கில்ட்ரம்மி கோட்டையைக் கைப்பற்றினார். இப்படிப் பிடித்தால் பட்டம் செல்லாது என்று அவருக்குத் தெரியும். எனவே செப்டம்பரில் ஒரு நாள் கோட்டை வாசலில் எல்லார் முன்னிலையிலும் சாவிகளை இசபெல்லாவிடம் ஒப்படைத்தார். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்த விருப்பத்தில் அலெக்ஸாண்டரைக் கணவராக ஏற்பதாகச் சொன்னார். அந்த விருப்பத்தில் எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் நார்மன்கள் வந்து கேலிக் பிரபுக்களை அழித்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தத் தவறான எண்ணத்தை மாற்றத்தான். 13-ம் நூற்றாண்டின் நடுவிலும் ஃபைஃப், ஸ்ட்ரத்தேர்ன், லென்னாக்ஸ், மார், ராஸ் எல்லாம் உள்நாட்டுக் குடும்பங்களின் கையில்தான் இருந்தன. அவர்கள் புதிய உலகத்தில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரத்தேர்ன் ஏர்ல் கில்லே பிரிக்டே நார்மன் பெண்ணை மணந்தார். மூத்த மகன் கில்லே கிறிஸ்ட் இறந்ததும் அவன் நினைவாக 1200-ல் இன்சாஃப்ரே மடாலயத்தைக் கட்டினார். அவருக்குப் பின் வந்த மகன் பெயர் ராபர்ட். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே ஒரு குடும்பம் இரு மொழிக்குள் வாழ்ந்தது தெரியும்.

ராஸ் சீமையின் ஃபெர்கர் ‘பாதிரியாரின் மகன்’ என்று அழைக்கப்பட்டவர். 1215-ல் அரசருக்கு எதிரான கலகத்தை அடக்கி, தலைவர்களின் தலைகளை வெட்டி இரண்டாம் அலெக்ஸாண்டருக்குப் பரிசாக அனுப்பினார். அரசர் அவரை நைட் ஆக்கினார். பிறகு அவர் ஏர்லாகவும் ஆனார். தலையைக் கொய்து அனுப்புவது பழைய முறை, நைட் பட்டம் புதிய முறை. லென்னாக்ஸிலோ கேலிக் கவிதைக்கு நல்ல ஆதரவு இருந்தது. அயர்லாந்தில் ஓ’டோனல் தலைவரின் வரிவசூல்காரனைக் கோடரியால் வெட்டிவிட்டுத் தப்பி வந்த பெரும்புலவர் முரெயக் ஆல்பனக், லென்னாக்ஸ் ஏர்ல் குடும்பத்தைப் பாடியிருக்கிறார்.

பக்கனில் கேலிக் ஆட்சிமரபு அழிந்ததில் பெரும் அடி 1308-ல் விழுந்தது. அதை அடித்தவர் புரூஸ், கேலிக் தாய்க்குப் பிறந்தவர். கோமின்களைத் தோற்கடித்த கையோடு சீமை முழுவதையும் எரித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மக்கள் அதைச் சொல்லி அழுதார்கள் என்று அந்த நூற்றாண்டிலேயே கவிஞர் பார்பர் எழுதினார்.

தீவுகளின் தலைவர்களும் ஏர்ல்களா?

மேற்குத் தீவுகளை ஆண்ட மெக்டொனால்டுகள் வேறு வகை. ஐலா தீவின் ஃபின்லாகனில் அவர்களுக்கு ஆலோசனைச் சபை இருந்தது. அங்கே பதவியேற்பவர், பாதம் பொறித்த கல்லில் தன் காலை வைத்து, முன்னோர் வழியில் நடப்பதாக உறுதி சொல்வார். அவர்கள் ஏர்ல் பட்டத்தை விரும்பியது ராஸ் சீமைக்காக. அவர்களின் தலைவர் டொனால்ட் தன் மனைவியின் உரிமையைக் கோரிப் படையெடுத்து வந்து, 1411 ஜூலை 24 அன்று ஹார்லாவில் போரிட்டார். எதிரே நின்ற படைக்குத் தலைமை தாங்கியவர், மேலே கோட்டைச் சாவியோடு பார்த்த அதே அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட்; மனைவி வழியில் அப்போது மார் ஏர்ல். இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. ராஸ் பின்னால் மெக்டொனால்டுகளுக்குக் கிடைத்தது, 1475-ல் பறிபோனது. 1493-ல் தீவுகளின் தலைமையையும் அரசர் பறித்தார்.

அயர்லாந்திலும் கேலிக் ஏர்ல்கள் இருந்தார்களா?

இடைக்காலத்தில் அங்கே ஏர்ல்கள் ஆங்கிலேய வழி வந்தவர்கள்: 1316-ல் கில்டேர், 1328-ல் ஆர்மண்ட், 1329-ல் டெஸ்மண்ட். கேலிக் தலைவர்கள் தங்களை அரசர்களாகவே எண்ணினார்கள். எட்டாம் ஹென்றியின் காலத்தில், நிலத்தை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு ஆங்கிலப் பட்டத்தோடு திரும்பப் பெறும் ஏற்பாடு வந்தது. 1542-ல் கான் ஓ’நீல் டைரோன் ஏர்ல் ஆனார். ஃபைஃப் டங்கன் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இதே பேரம்தான். ஆனால் இங்கே இடம் கொடுக்க அரசுக்கு மனமில்லை. ஓ’நீல்களின் பதவியேற்புக் கல்லை 1602-ல் ஆங்கிலத் தளபதி மவுன்ட்ஜாய் டல்லிஹோக்கில் உடைத்துப் போட்டார். 1607-ல் டைரோன், டைர்கானல் ஏர்ல்கள் ராத்மல்லனில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனார்கள். திரும்பவே இல்லை.

அந்தப் பட்டங்கள் இப்போதும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. காரிக் ஏர்ல் பட்டம் அரியணை வாரிசுக்குரியது, இப்போது இளவரசர் வில்லியமிடம் இருக்கிறது. ஸ்ட்ரத்தேர்ன் ஏர்ல் பட்டத்தையும் அவருக்கு 2011-ல் திருமணத்தன்று கொடுத்தார்கள். மார் ஏர்ல் பட்டமும் தொடர்கிறது. நேரில் பார்க்க விரும்பினால், எட்வர்ட் தூக்கிப் போன ஸ்கூன் கல் 2024 முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்கூன் அங்கிருந்து மிக அருகில்தான்.